முதலாளி கழுத்தில் ஒட்டிய அப்பளம்

போன மாதம் என் வீட்டுக்காரரின் தங்கைக்கு உடம்புக்கு முடியாமல் இராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஐ.சி.யு.வில் கிடந்தாள். கழுத்தில் சென்ட்ரல் லைன். நான் பார்க்கப் போன நேரத்தில் ஒரு சின்ன வயது சிஸ்டர் அந்த லைனுக்கு மேல் கட்டு மாற்றிக்கொண்டிருந்தது. கட்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது எதையும் கட்டவே இல்லை. கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு வில்லையை உரித்து ஒட்டி, ஓரத்தில் தேதி எழுதியது, அவ்வளவுதான். குழாய் நுழைகிற இடம், போட்ட தையல், தோலின் நிறம் எல்லாம் வெளியே தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன ஆன்ட்டி, நான் எதும் தப்பாச் செஞ்சிட்டேனா?" என்றது அந்தப் பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"இல்லம்மா, நல்லாத்தான் செஞ்ச. நானும் நர்சுதான், ரிட்டயர்டு. இந்த வில்லை எங்க காலத்துல இருந்திருந்தா ஒரு பெரிய மனுசரு மானம் கப்பலேறியிருக்காது. அத நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு."

"அப்ப நீங்க எத வச்சு மூடுவீங்க?"

"காஸ் துணிதான். தெருவுக்குத் தெரு பேண்டேஜ் கம்பெனி இருக்கிற இந்த ஊர்ல காஸுக்கு என்னம்மா பஞ்சம்?"

கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "இத எழுதுங்க ஆன்ட்டி, எங்க பிள்ளைங்க எல்லாம் படிப்பாங்க" என்றது. படிப்பார்களோ என்னவோ. எனக்கு எப்போதுமே வாய் சும்மா இருக்காது. இப்போது கையும் சும்மா இருக்கவில்லை.

படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நர்சிங் படித்தேன். என் அத்தா ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருந்தார். "ஏன் பாய், பொம்பளப் பிள்ளைய ஊசி போடவா அனுப்புதீரு?" என்று கடைக்கே வந்து கேட்ட பெரியவர்கள் உண்டு. "ஆமா, ஒரு நா ஒங்களுக்கும் போடுவா" என்பார் அத்தா. அப்படிக் கேட்டவர்களில் ஒருவருக்குப் பின்னாளில் இடுப்பில் நானே போட்டேன். கொஞ்சம் அழுத்தித்தான் போட்டேன். மதுரையில் நான் கற்றுக்கொண்டது உருப்படியாக ஒன்றே ஒன்று, கை கழுவுவது. மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு தானாக வந்தது.

முதல் வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில். அங்கே சென்ட்ரல் லைன் என்ற பேச்சே கிடையாது. வாந்தி பேதியில் நரம்பெல்லாம் வற்றிப்போய் வருபவனுக்குக் கணுக்காலில் கீறி, ரத்தக்குழாயைத் தேடி எடுத்து, அதில் குழாயைச் செருகுவோம். நர்சுகளின் முக்கால்வாசிப் பொழுது துணி வெட்டுவதில் போகும். காஸ் பண்டல் பண்டலாக வரும். மேசையில் விரித்து, சதுரமாக வெட்டி, பிசிறு உள்ளே போகும்படி மடித்து, டிரம்மில் அடுக்கி, நீராவியில் அவித்து எடுக்க வேண்டும். இராஜபாளையத்துப் பக்கம் நர்சாக இருந்தவளைக் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டாலும் வெற்றிலை மடிக்கிற வேலையைத்தான் கொடுப்பார்கள். கை அவ்வளவு பழகியிருக்கும்.

அந்தப் பண்டல்களில் பெருமாள்சாமி முதலாளி கம்பெனியின் பண்டல் என்றால் எங்களுக்கு ஆகாது. பெருமாள்சாமி முதலாளி வன்னியம்பட்டிப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். அண்ணனும் தம்பியுமாக இராஜபாளையம் வந்து பேண்டேஜ் கம்பெனி போட்டு, பிறகு ஏதோ மனத்தாங்கலில் பிரிந்து ஆளுக்கொரு கம்பெனி ஆனார்கள். அண்ணன் கம்பெனி காஸ் பஞ்சு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் அப்படியே முங்கிவிடும். தம்பி பெருமாள்சாமியின் காஸ் முங்காது, மிதக்கும். தறியில் ஏற்றிய கஞ்சியைச் சலவையில் முழுதாக எடுப்பதில்லை, போதாததற்குத் துணி கனமாகத் தெரிய மேலும் கொஞ்சம் கஞ்சி. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று, மொடமொடப்பாக, விறைப்பாக இருக்கும். புண்ணில் வைத்தால் சீழும் ரத்தமும் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓரமாக ஓடும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் அப்பளம். "ஏட்டி, அப்பளம் வந்திருக்கு, எறக்கு" என்றுதான் எங்களுக்குள் பேச்சு. டாக்டர்கள் காதில் அந்தப் பெயர் விழாமல் பார்த்துக்கொண்டோம். அவர்கள் காதில் நாங்கள் சொன்ன வேறு எதுவும்கூட விழுந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இராஜபாளையம் வந்தேன். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் தாமோதரன். நாங்கள் சீஃப் என்போம். கெட்டிக்கார சர்ஜன், அதை மறுக்க மாட்டேன். அவரும் ஒரு நாளும் மறுத்ததில்லை. மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர், ஜன்னலில் ஒரு ஏ.சி.யை மாட்டி, ஒரு மானிட்டரை வாங்கி வைத்து, கதவில் ஐ.சி.யு. என்று எழுதி, ரிப்பன் வெட்டினார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் சென்ட்ரல் லைன் காலம் தொடங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் போடுகிற டிரிப் ஊசி சின்ன நரம்பில் நிற்கிறது. சென்ட்ரல் லைன் என்பது கழுத்து வழியாகவோ தோள்பட்டை எலும்புக்குக் கீழாகவோ பெரிய ரத்தக்குழாயில் நுழைந்து, இதயத்தின் வாசல்வரை போய் நிற்கிற மெல்லிய குழாய். பிரஷர் விழுந்து கிடப்பவனுக்கு ஏற்றுகிற காரமான மருந்துகள் சின்ன நரம்பைப் பொசுக்கிவிடும், அதனால் இந்த வழி. வாயால் சாப்பிட முடியாதவனுக்குச் சத்து ஏற்றுவதும் இதிலேதான். உடம்பில் நீர் போதுமா, கூடிவிட்டதா என்று அளந்து பார்க்கவும் இது வேண்டும். நல்ல சாமான். அதே சமயம் இதயத்துக்கு நேராகத் திறந்து வைத்த வாசல். அந்த வாசலில் காவல் நிற்பதுதான் நர்சின் வேலை.

சீஃப் லைன் போடுவது ஒரு கச்சேரி. யாரும் இருமக் கூடாது, ஏ.சி.யைத் தவிர எதுவும் சத்தம் போடக் கூடாது. ஊசி போய் ரத்தம் சரியாக வந்துவிட்டால் இங்கிலீஷில் "பியூட்டிஃபுல்" என்பார், பேசண்டைப் பார்த்து அல்ல, ரத்தத்தைப் பார்த்து. வராவிட்டால் தமிழுக்கு வந்துவிடுவார். "இந்தாளு கழுத்தே சரியில்ல, சிஸ்டர்." எத்தனையோ கழுத்துகள் அப்படிச் சரியில்லாமல் போயின. லைன் போட்டதும் குழாய் சரியான இடத்தில் நிற்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, சொந்தக்காரர்களை வரவழைத்து, "பாத்தீங்களா, ரோடு போட்ட மாதிரி போயிருக்கு" என்பார். ஒரு வீட்டில் அந்த எக்ஸ்ரேயைக் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நீர் அளக்கும் கூத்து இன்னொன்று. உப்புத் தண்ணீர்க் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் பூஜ்யம் பேசண்டின் இதயத்துக்கு நேராக இருக்கிறதா என்று மட்டம் பார்க்க வேண்டும். அதற்கு மாடி கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீஃப் எடுத்து வைத்துக்கொண்டார். கொத்தனார் தினமும் ஐ.சி.யு. வாசலில் வந்து நின்று, "சிஸ்டர், செவரு கோணுது, செத்த நேரம் மட்டத்தக் குடுங்க" என்பார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுப்பேன், சிமெண்டோடு திரும்பி வரும். அந்த ஆஸ்பத்திரியின் மாடிச் சுவரும் பேசண்டுகளின் பிரஷரும் ஒரே மட்டத்தில் நின்றன.

ஊருக்கு லைன் கௌரவமாகிப் போனது. "கழுத்துல போட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டே வருவார்கள். வெறும் காய்ச்சலில் படுத்திருந்த மில் சூப்பர்வைசர் ஒருவர், பக்கத்துக் கட்டில்காரருக்கு மட்டும் போட்டுத் தனக்குப் போடவில்லை என்று கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. போட்ட கழுத்தில் சும்மா விடுவார்களா? கோயில் கயிறு, தர்கா கயிறு, திருநீறு, குங்குமம், எல்லாம் அந்தக் கட்டுக்கு மேலேயே வந்து சேரும். "கயித்தக் கையில கட்டுங்கம்மா, சாமிக்குக் கையும் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றும். கையைக் கழுவாமல் தொடாதே. கட்டு ஈரமானால் உடனே மாற்று. குழாயைக் கழற்றும் முன் கிளாம்ப் போட்டு வழியை அடை. கழற்றும்போது ஆளை மட்டமாகப் படுக்க வை. என் சட்டம் இவ்வளவுதான். அதற்கு என்னை ஐ.சி.யு. போலீஸ் என்றார்கள்.

அந்த ஐ.சி.யு.வுக்குத்தான் ஒரு நாள் பெருமாள்சாமி முதலாளி வந்து சேர்ந்தார். குடல் புண் ஓட்டையாகி, வயிறு முழுக்கச் சீழ். சீஃப் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்துவிட்டார், ஆனால் பிரஷர் நிற்கவில்லை, மூச்சும் சரியில்லை. வாயில் குழாய் போட்டு மூச்சு இயந்திரம். கழுத்தில் லைன். "பியூட்டிஃபுல்" முதல் குத்திலேயே வந்தது. பெரிய இடத்துக் கழுத்துகளில் எப்போதும் சரியாகத்தான் வரும்.

நான் கட்டுப் போட காஸை எடுத்தேன். முதலாளியின் மகன் முருகேசன் கையை நீட்டித் தடுத்தான்.

"இது யாரு கம்பெனி காஸ்?"

"அண்ணன் கம்பெனி, உங்க பெரியப்பாவோடது. ஐ.சி.யு.வுக்கு இதத்தான் வச்சிருக்கேன்."

"நல்லாருக்கே! எங்கப்பா கழுத்துல எங்க பெரியப்பா காஸா? ஊரு சிரிக்கும் சிஸ்டர். எங்கப்பாவுக்கு எங்க கம்பெனி சரக்குதான் போடணும். டாக்டர், நீங்க சொல்லுங்க."

முதலாளி சீஃபுக்கு நெருங்கிய நண்பர். அந்த ஏ.சி.யே அவர் தந்ததுதான். "அவர் துணி, அவர் கழுத்து. போடுங்க சிஸ்டர்" என்றார் சீஃப்.

"சார், அது உறிஞ்சாது சார். வேர்வையும் கசிவும் அடியிலயே தேங்கும்."

"அவர் காஸ் கடல் தாண்டிப் போகுது, உங்களுக்கு ஆகாதா?"

சாயங்காலத்துக்குள் முருகேசன் டெம்போவில் பண்டல் இறக்கினான். அண்ணன் காஸை எல்லாம் அள்ளி வெளியே அனுப்பினார்கள். நான் அப்பளத்தை வெட்டி, மடித்து, அவித்து, முதலாளியின் கழுத்தில் வைத்துக் கட்டினேன். போதாததற்கு, அவர் மயக்கம் தெளிந்து குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினோம். அதுவும் அவர் கம்பெனி பேண்டேஜ்தான். முருகேசன் அதைப் பார்த்துப் பூரித்துப் போனான்.

மயக்கம் தெளிந்ததும் முதலாளி கண்ணைத் திறந்தார். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. கண்ணைக் கீழே உருட்டிக் கழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கட்டிய கையின் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார். மறுபடி கழுத்தைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

அவர் எதையோ கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. என்ன கேட்கிறார் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. அவர் சம்சாரம் சுப்புத்தாய் அம்மா, "அவிய ஆண்டாளத்தான் கேக்காக, கழுத்துல மாலையில்லேன்னு தவிக்காக" என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்பித் துளசி மாலையும் தீர்த்தமும் வரவழைத்தார். மாலையை நான் கட்டில் கம்பியில் மாட்டினேன். தீர்த்தத்தை நான் திரும்புவதற்குள் கட்டின் மேல் தெளித்துவிட்டார்கள். அப்பளம் அதையும் உறிஞ்சவில்லை. முருகேசன், அப்பா தன் தங்கச் சங்கிலியைக் கேட்கிறார் என்று கொண்டுவந்து கண் முன்னால் ஆட்டினான். முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். சீஃப், "வலி, வேற ஒண்ணுமில்ல" என்று தூக்க மருந்தைக் கூட்டினார். அவர் எவ்வளவு அதிகமாகச் சைகை செய்தாரோ அவ்வளவு அதிகமாகத் தூங்க வைத்தோம். நான் மட்டும் என்ன கண்டுபிடித்தேன்? கழுத்து அரிக்கிறது போலிருக்கிறது என்று சுற்றிலும் பவுடர் போட்டேன்.

ஒவ்வொரு தடவை கட்டைப் பிரிக்கும்போதும் அடியில் தோல் வெள்ளையாக, அதிகநேரம் துணி துவைத்த கை மாதிரி ஊறிக் கிடந்தது. துடைத்து, அயோடின் மருந்து வைத்து, காயவிட்டுக் கட்டுவேன். அடுத்த தடவைக்குள் மறுபடி ஈரம். பிறகு தையலைச் சுற்றிச் சிவப்பு ஓடியது. அப்புறம் டிரிப் வேகமாகப் போகும்போதெல்லாம் குளிர் நடுக்கி ஜுரம் வர ஆரம்பித்தது.

"சார், லைன்லதான் சந்தேகமா இருக்கு. எடுத்துட்டு வேற பக்கம் போட்டுருவோமா?"

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதுதான் அடையாளம். "சிஸ்டர், நான் போட்ட லைன்ல இன்ஃபெக்‌ஷன் வராது. மலேரியாவுக்கு ரத்தம் எடுங்க."

மலேரியா இல்லை. டைபாய்டு பார்த்தார்கள், அதுவும் இல்லை. சீஃபின் லைனைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். வயிற்றுப் புண்ணை வென்ற மனிதன் கழுத்தில் ஒட்டிய துணியால் போய்ச் சேர்வானோ என்று பயந்துபோனேன்.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரம். முதலாளியின் மூச்சு கொஞ்சம் தேறியிருந்ததால் இயந்திரத்தை எடுத்துவிட்டு, குழாய் வழியாகத் தானாகவே மூச்சு விடப் பழக்கிக்கொண்டிருந்தோம். தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்த மாதிரி உட்கார வைத்திருந்தேன். தூக்க மருந்தையும் நிறுத்தியிருந்தோம். சுப்புத்தாய் அம்மா காலைத் தடவிக்கொண்டிருந்தார். முருகேசன் வந்தவர்களிடம் கட்டைக் காட்டி, "நம்ம சரக்குதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலாளி அதைக் கேட்டார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலது கையை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கையைக் கட்டியிருந்த பேண்டேஜ் டப்பென்று அறுந்தது. அவர் கம்பெனி பேண்டேஜ் அல்லவா, அறுகாமல் என்ன செய்யும்? அடுத்த கணம் கழுத்துக் கட்டைக் கொத்தாகப் பிடித்துப் பிய்த்தார். பிய்த்த வேகத்தில் டிரிப் குழாய் லைனை விட்டுக் கழன்றது. லைனின் வாய் திறந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தால், திறந்த லைன் வழியாகக் காற்றும் உள்ளே போகும். அந்தக் காற்று இதயத்தில் போய் நுரையாக அடைத்துக்கொண்டால் பேச்சு மூச்சு இல்லை, அதோடு முடிந்தது. நான் பாய்ந்து லைனின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அதற்குள் ஒரு மூச்சு போய்விட்டது. சர்ரென்று உறிஞ்சுகிற சத்தம் என் காதில் விழுந்தது. முதலாளியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"தம்பி, தலமாட்ட எறக்கு! கட்டில் கைப்பிடியச் சுத்து!"

முருகேசன் சுற்றினான். தலைமாடு இன்னும் மேலே ஏறியது.

"அந்தப் பக்கமில்லடா! மாத்திச் சுத்து! ஒங்கப்பன் உசிரு ஒங்கையில இருக்கு!"

முதலாளி மகனை டா போட்டது அன்றுதான். பையன் மாற்றிச் சுற்றினான். தலை தாழ்ந்தது. ஒரு கை லைனில், மறு கையாலும் முழங்காலாலும் நெம்பி அவரை இடது பக்கமாகப் புரட்டினேன். அப்படிப் படுத்தால் போன காற்று வழியை அடைக்காமல் ஒதுங்கி நிற்கும். ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, கிளாம்பைப் போட்டேன். சுப்புத்தாய் அம்மா, "பெருமாளே, பெருமாளே" என்று சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். என் கட்டைவிரல் அந்தக் குழாயிலேயே மரத்துப் போயிருந்தது. நானும் அல்லாவைக் கூப்பிட்டேன். யார் வந்தார்களோ, உதட்டில் மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது.

சீஃப் ஓடி வந்தார். லைன் போட்ட பிறகு கட்டு இல்லாத கழுத்தை அன்றுதான் அவர் பார்த்தார். தையலைச் சுற்றிச் சீழ் கோத்திருந்தது. நாற்றம் அவருக்கும் அடித்தது. கண்ணாடியைக் கழற்றப் போனவர் கழற்றவில்லை. "எடுத்துருவோம்" என்றார், அவ்வளவுதான். பழைய லைனை உருவி, நுனியை வெட்டி மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மறுபக்கம் புது லைன். அன்றைக்கு "பியூட்டிஃபுல்" இல்லை.

புது லைனுக்குக் கட்டுப் போட முருகேசன் ஓடிப்போய்ப் புதுப் பண்டலைக் கொண்டுவந்தான். முதலாளி பார்த்தார். தலையை அப்படி ஒரு ஆட்டு ஆட்டினார், புது லைனும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். அவருடைய வலது கையில் பிய்த்த காஸ் அப்போதும் இருந்தது. இவ்வளவு களேபரத்திலும் அவர் அதை விடவில்லை. அதை மகன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, விரலால் தேய்த்துக் காட்டினார். அதே சைகை. கஞ்சித் தூள் வெள்ளையாக உதிர்ந்து அவர் நெஞ்சில் விழுந்தது.

அட பாவி மனுசா! எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"முதலாளி, இந்தக் காஸ் வேண்டாங்கீங்களா?"

தலையை ஆட்டி ஆமாம் என்றார்.

"வேற யாரு காஸ்? அண்ணன் காஸா?"

கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. பிறகு மெதுவாக ஒரு தடவை தலையை அசைத்தார்.

"அப்பாவுக்குப் புத்தி பெரண்டிருச்சு" என்றான் முருகேசன்.

"இம்புட்டு நாள்ல இன்னைக்குத்தான் தெளிவா இருக்காரு. போய் ஒங்க பெரியப்பாவக் கூட்டிட்டு வா. காஸோட."

வருஷக்கணக்காக மிதிக்காத வாசலை அவன் போய் மிதித்தான். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். ஒல்லியான மனிதர், டி.வி.எஸ். வண்டியில் பின்னால் பண்டலைக் கட்டிக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நான் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி கையில் இருந்த காஸை வாங்கி, நுனி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, இந்தக் கஞ்சிக்குத்தான நாம பிரிஞ்சோம்?" என்றார். "வேண்டாம்லே, சீக்காளி மேல வைக்கிற துணிலேன்னு எம்புட்டுச் சொன்னேன்? கேட்டியாலே நீயி?"

தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அண்ணன் காஸை வெட்டி, மடித்து, அவித்து எடுத்து வந்து கட்டினேன். ஜுரம் படிப்படியாக இறங்கியது. கட்டு அடியில் காய்ந்து கிடந்தது.

வாய்க் குழாயை எடுத்த அன்று முதலாளி முதலில் தண்ணீர் கேட்கவில்லை, பெருமாளையும் கேட்கவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டார். தொண்டை கரகரத்தது.

"ஏம்மா சிஸ்டரு, போயும் போயும் அந்த அப்பளத்தையா எங்கழுத்துல வச்சிய?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பளம்னு... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊரு பூரா அதத்தான சொல்லுது? செஞ்சவனுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இத்தனை வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கேவரை, பிரசவமானவள், மில்லில் கை நசுங்கினவன், தீப்பட்ட பிள்ளை, எத்தனை பேர் புண்ணில் என் கையாலேயே இதை வைத்துக் கட்டியிருக்கிறேன்! "மத்தவங்களுக்கெல்லாம் அதத்தான முதலாளி இத்தன வருசமா வச்சோம்? அவங்க ஒடம்பும் ஒடம்புதான?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, நன்றிக்கடனாக ஒரு டெம்போ நிறையக் காஸ் அனுப்பினார். சீஃப் வாசலுக்கே வந்து, "மனுஷன்னா இவர்தான் மனுஷன்" என்றார். டிரைவர் இறக்கும்போது பண்டல்களை இரண்டு பக்கமாகப் பிரித்து அடுக்கினார்.

"என்னப்பா ரெண்டு குமியா அடுக்குத?"

"இது ஐ.சி.யு.வுக்குங்க. மொதலாளி தனியா நிண்ணு ஓட்டுன நல்ல சரக்கு. அது வார்டுக்கு. எப்பவும் வர்றதுதான்."

ஐ.சி.யு. பண்டலைத் தொட்டேன், பஞ்சு. வார்டு பண்டலைத் தொட்டேன், அப்பளம். சாவின் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மனுஷர் கற்றுக்கொண்டு வந்த பாடம் இவ்வளவுதான்! சீஃப் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, மொதலாளிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. இங்க ரெண்டு குமியும் கெடையாது. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து வெட்டி ஒரே டிரம்லதான் போடுவோம். அடுத்த தடவ அவரு வந்து படுக்கும்போது கைக்கு எது வருதோ அதத்தான் வைப்போம்னு சொல்லு."

மறுநாள் காலையில் அதே டெம்போ வந்தது. அப்பளம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, எல்லாமே நல்ல சரக்காக இறக்கிவிட்டுப் போனது. அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். அவர் திருந்தவில்லை, பயந்தார். எங்கள் வார்டில் கிடந்தவர்களுக்கு அதுவே போதும். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அப்பளம்கூட அங்கே வந்ததில்லை.

பின்னாளில் முதலாளி அடிக்கடி எதிர்ப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், பஸ் ஸ்டாண்டில், எங்கே என்னைக் கண்டாலும் அவர் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போகும். தழும்பைத் தடவிக்கொண்டே கிட்ட வந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்பார்.

"சிஸ்டரு, இப்பவும் கலந்துதான் வெட்டுதியளா?"

கலப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் நான் முகத்தை மாற்றாமல், "கலந்துதான் வெட்டுதோம், முதலாளி" என்பேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என்னைப் பார்த்துவிட்டு வருகிற அன்றைக்கெல்லாம் நேரே கம்பெனிக்குப் போய், சலவைத் தொட்டியில் கையை விட்டு, கஞ்சி போயிருக்கிறதா என்று அலசிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருவாராம். சுப்புத்தாய் அம்மா சொன்னது.